பதினான்காவது கோரிக்கை

மார்ச் நான்காம் தேதியன்றும் பல்கலைக்கழக ஆய்வகக் கட்டடத்தின் முதல் மாடியில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்று நேரமானதில், மாணவர் சங்கத் துணைச் செயலாளர் இரண்டு செய்முறை வகுப்புகளைத் தவறவிட்டிருந்தாள். மூன்றாவதும் போனால் தேர்வெழுத முடியாது.

ஒரே வரியில் மனு எழுதிச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஒரு தாழ்ப்பாளுக்காகச் சங்கம் போய் நின்னா சிரிப்பாங்க," என்றார் தலைவர். "கூட நாலஞ்சு சேர்ப்போம்."

"அண்ணா, தாழ்ப்பாள் ஸ்டோர்லயே இருக்கு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"பொறும்மா, நாலு பேரைக் கேட்கணும்ல."

நாலு பேரும் மூன்று மணி நேரம் பேசினார்கள். துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்பது முதல் கோரிக்கை ஆனது. சங்க அறைக்கு ஏ.சி. ஒன்பதாவது. தாழ்ப்பாள் பதினான்காவது. அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் கொண்டுபோன மனுவை அலுவலக எழுத்தர் முதல் வரியோடு படித்து நிறுத்திக்கொண்டார். "முதல் கோரிக்கை எந்தப் பிரிவோ, முழு மனுவும் அங்கதான் போகும். இது ஆட்சிக்குழுவுக்கு."

"சார், பதினாலாவதைப் பாருங்க."

பார்த்தார். "இதைத் தனியாக் குடுத்திருந்தா இன்னிக்கே மாட்டியிருப்பாங்களேம்மா. இப்பவும் தனியா எழுதி, தலைவர் கையெழுத்தோட கொண்டா."

கோரிக்கைகளைப் பிரித்தால் போராட்டம் நீர்த்துப்போகும் என்று தலைவர் மறுத்துவிட்டார். மனு ஆட்சிக்குழுவுக்குப் போனது. வியாழக்கிழமை அவள் தோழிக்காகக் கதவைப் பிடித்து நின்று, மூன்றாவது வகுப்பையும் தவறவிட்டாள்.