தமிழில் கத்தவும்

தவமணிக்குக் கொடுத்த தாளில் அவளுடைய இடத்தில் வசனமே இல்லை. மற்ற நடிகர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. அவள் நடிக்கும் சலவைக் கடை அன்ரிக்கு மட்டும், மகனுடன் போனில் தமிழில் கத்தவும் என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. சலவைக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் மூன்று இளசுகளைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் அது. ஸ்ரூடியோவில் சனத்தை இருத்திவைத்து, அவர்கள் சிரிக்கச் சிரிக்கப் படம் பிடிப்பார்கள். என்ன சொல்லிக் கத்துவது என்று இயக்குநர் கரோலினிடம் கேட்டதற்கு, அவள் தவமணியின் தோளில் கைபோட்டு, விரும்பியதைச் சொல்லுங்கள், எங்களுக்கு விளங்கவா போகிறது, கோபமாக இருந்தால் போதும் என்றாள். நல்ல மனுசி, குறை சொல்ல ஏலாது. ஒத்திகையில் தவமணி கத்தரிக்காய் விற்கிற விலையைச் சொல்லிக் கத்தினாள். லைட் பிடிக்கிற ஆட்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் விளம்பரப் பகுதியிலிருந்து அட்சயா என்ற பெண் வந்து, எல்லோருடைய ஆரம்ப காலத்தையும் விசாரித்துக்கொண்டு போனாள். தொடரின் இணையப் பக்கத்தில் போடுவதற்காம். கதாநாயகன் கிளிபோட் ஒரு காலத்தில் பீட்சா வேஷம் போட்டுச் சந்தியில் நின்று போகிற கார்களுக்குக் கை காட்டியவன். இன்னொருத்தி பிறந்தநாள் வீடுகளில் கோமாளி. இப்போது அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நீங்கள் எங்கே தொடங்கினீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, தமிழ் மேடைகளில் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தவமணி தேத்தண்ணி எடுக்கப் போய்விட்டாள்.

சொல்லக்கூடிய கதையா அது? புருசன் செத்த இரண்டாம் வருசம், மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல். நாடகத்தில் நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். குலசிங்கம் அண்ணை, சங்கத்தின் தலைவர், ஓடிவந்து, தங்கச்சி, சும்மா ஏறி ஏதாவது பகிடி விடும் என்று தள்ளிவிட்டார். மேடையில் ஏறியவளுக்கு ஒன்றும் வரவில்லை. முன் வரிசையில் அவளுடைய மகன் ஜனார்த்தன், பதினாலு வயசுப் பெடியன், தொப்பியோடு இருந்தான். அவனுக்குக் கதைக்கும்போது சொல் தொண்டையில் சிக்கும். சிக்கியவுடன் கண்ணை இறுக்கி மூடி, நாடியை மேலே தூக்கி, அந்தச் சொல் வரும்வரை அப்படியே நிற்பான். தவமணி இறங்கிப்போய் அவன் தொப்பியைப் பறித்துப் போட்டுக்கொண்டு வந்து, கண்ணை மூடி, நாடியைத் தூக்கினாள்.

மண்டபம் அதிர்ந்தது. ஊருக்குத் தெரியாத அன்ரி ஒருத்தி அந்த நிமிசத்திலிருந்து தவமணியக்கா ஆனாள். அந்தப் பாத்திரத்துக்குக் கனடாத் தம்பி என்று பெயரும் வைத்தார்கள். வருசா வருசம் கூப்பிட்டார்கள். மருந்துக் கொம்பனியில் நாள் முழுக்கப் பெட்டி ஒட்டுகிறவளை, சோற்றுக்கும் கறிக்கும் அப்பால் ஒருவரும் ஏறிட்டுப் பாராதவளை, சனம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவளுக்கு அது வேண்டியிருந்தது, ஐயோ, எவ்வளவு வேண்டியிருந்தது! கலியாண வீடுகளில் ஆட்கள் மகனை மறித்து, கனடாத் தம்பி, எங்கே ஒருக்காக் கதையும் பாப்பம் என்பார்கள். அவனுக்கும் அது பெருமைதான் என்று தவமணி நம்பினாள், அல்லது நம்பியதுபோல் இருந்தாள்.

பெடியன் முதலில் தமிழ் கதைக்கிறதை விட்டான். பிறகு அவளோடு கதைக்கிறதை விட்டான். வேலை கிடைத்து அஜக்ஸ் என்ற ஊருக்குப் போகிற அன்று, உடுப்புப் பைகளோடு வாசலில் நின்று ஒரே ஒரு விசயம் சொன்னான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"நான் கதைக்கேக்க நீங்க கேக்கிறேல்ல அம்மா. மேடைக்குப் பாடமாக்கிறீங்க."

அதன்பின் அவளுடைய அழைப்பு எதுவும் அவனுக்குப் போகவில்லை. நம்பரைத் தடுத்து வைத்திருந்தான். தங்கச்சி நிரூபாவோடு மட்டும் எப்போதாவது கதைப்பான். அஜக்ஸில் எந்த வீடு என்றுகூட அவள் சொல்ல மாட்டாள், சத்தியம் வாங்கியிருந்தான். மேடைக்காரியைத் தொலைக்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனதும், யாரோ போனில் படம்பிடித்து இணையத்தில் விட்டிருந்த அந்தக் கனடாத் தம்பிதான். அதையும் தவமணி அட்சயாவுக்குச் சொல்லவில்லை.

படப்பிடிப்பன்று மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் வரும்போது நிரூபா போனில் ஒரு செய்தி அனுப்பினாள். அண்ணாவின் அறைச் சினேகிதர்கள் இந்தத் தொடருக்காகக் காத்திருக்கிறார்களாம், அவரும் பார்ப்பார் போல. தவமணி அதை இரண்டு தரம் வாசித்தாள். பஸ் மாறுகிற இடத்தில் குளிருக்குள் நின்றபடி யோசித்தாள். போனைத் தடுத்தவன் தொலைக்காட்சியைத் தடுக்கவில்லை. அவள் வாயால் சொல்கிற எதையும் அந்த ஸ்ரூடியோவில் ஒரு குஞ்சு குருமானுக்கும் விளங்காது. விளங்க வேண்டியவனுக்கு மட்டும் விளங்கும். கடவுளே பார்த்து அந்தத் தாளில் இடம் விட்டிருக்கிறார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பாவம், அவள் புத்தி அவ்வளவுதான் போனது.

விளக்குகள் எரிந்தன. சனம் கைதட்டியது. தவமணி கவுண்டருக்குப் பின்னால் நின்று, வயர் எங்கும் போகாத அந்தப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஜனா, போனை எடடா. அம்மா பிழை விட்டிட்டன். நீ சொல்லுக்குக் கஷ்டப்பட்டு நிக்கேக்க நான் சனத்தைச் சிரிக்க வச்சன். இனிச் செய்யமாட்டன். ஒருக்கா வீட்டை வாடா ராசா. நீ ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க விடியுமட்டும் ஆனாலும் நான் பாத்துக்கொண்டிருப்பன்."

கோபமாகக் கத்தச் சொல்லியிருந்தார்கள், ஆகவே கத்தினாள். ராசா என்ற இடத்தில் குரல் கிழிந்துபோனது. அந்த இடத்தில்தான் சிரிப்பு உச்சத்துக்குப் போனது. அவள் போனை அறைந்து வைத்ததும் கரோலின் ஓடிவந்து கட்டிப்பிடித்து, இது பொன் என்றாள்.

ஒளிபரப்பான அன்று தாயும் மகளும் ஒன்றாக இருந்து பார்த்தார்கள். அவள் கத்தும்போது திரையின் அடியில், தமிழில் கத்துகிறாள் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நிரூபா சிரிக்கவில்லை. தாயின் கையைப் பிடித்தாள், பிறகு எதற்கோ விட்டுவிட்டாள். தொடர் முடிய முன்னமே போன் அடிக்கத் தொடங்கியது. முதல் ஆள் குலசிங்கம் அண்ணை. இங்கிலிஷ் ரீவியில் எங்கட தமிழ் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ராசா எண்ட இடம் இருக்கே தங்கச்சி, குடும்பமாய் விழுந்து விழுந்து சிரிச்சம் என்றார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. அடுத்து எடுத்தவர்களுக்கும் விளங்கியிருந்தது. ஒருத்தராவது, என்ன தவமணி, என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஜனா என்று அந்தப் பழைய கனடாத் தம்பியின் பெயரை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மறக்காமல் வைத்திருக்கிறாள் என்று ஒரு மனுசி பாராட்டவும் செய்தாள்.

ஜனாவிடமிருந்து இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நிரூபா குசினி வாசலில் நின்றுகொண்டு, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அண்ணா பாத்தவர் அம்மா. ரூம்மேற்ஸ் எல்லாரும் சிரிச்சிருக்கினம். நீங்க சொன்ன ஜனா அவர்தான் எண்டு அவங்களுக்குத் தெரியும். அம்மா ஸொறி சொல்றதையும் ஸ்கிட்டாத்தான் செய்வாவா எண்டு கேட்டவர்."

"நான் நடிக்கேல்லைப் பிள்ளை."

"எனக்குத் தெரியும். பட் அவருக்கு எப்பிடித் தெரியும்? உங்கட ஃபேஸ் மேடையில இருந்த அதேதானே."

அவன் நம்பரை மாற்றப் போகிறானாம், இந்த முறை நிரூபாவுக்கும் தரமாட்டானாம். அதைச் சொல்லும்போது பிள்ளையின் குரல் உடைந்தது. ஒரு மகனைத் தொலைத்தது போதாதென்று, மகளுக்கு இருந்த தமையனையும் தொலைத்துவிட்டோம் என்பது தவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதை நிற்பாட்டவில்லை.

அடுத்த கிழமை ஸ்ரூடியோவில் கரோலின் புதுத் தாள்களோடு ஓடிவந்தாள். மகனோடு போன் கதைப்பது எல்லோருக்கும் பிடித்துப்போனதாம், இனி ஒவ்வொரு வாரமும் அது இருக்குமாம். தவமணி வாங்கிப் பார்த்தாள். தமிழில் கத்தவும். அடுத்த தாளிலும் தமிழில் கத்தவும். வேறு ஏதாவது தரமுடியுமா, மகன் வேண்டாமே என்று கேட்டாள். கரோலின் அதையும் பகிடி என்று எடுத்துக்கொண்டாள்.

கத்தரிக்காய் என்று தீர்மானித்தாள். கத்தரிக்காய், வெங்காயம், பயற்றங்காய், இவ்வளவுதான், அவன் பெயர் இனி இந்த வாயில் வராது. விளக்குகள் எரிந்தன. கவுண்டருக்குப் பின்னால் அவளைக் கண்டவுடனேயே சனம் ஆரவாரம் செய்தது. போனை எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறந்தாள். கத்தரிக்காய் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. தொண்டைக்குள் எதுவோ குறுக்கே நின்றது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இப்படியா, இப்படியா இருந்தது என்ர பிள்ளைக்கு என்று நினைத்தாள். அவளுடைய கண்கள் தாமாக இறுகி மூடின. நாடி மேலே எழுந்தது.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், அந்தச் சொல்லுக்காக நின்றாள்.