காத்தமுத்து மேல் ஒரு கண்

மனித குலத்தின் சரித்திரத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க ஒரு நிகழ்ச்சியை இங்கே அறிவிக்க வேண்டியிருக்கிறது. வைகாசி மாதம் பதினோராம் தேதி, காலை பத்தே கால் மணிக்கு, திருமங்கலத்தில், தன்னுடைய அறுபத்தெட்டாவது வயதில், காத்தமுத்து மேதை ஆனார்.

பத்து மணி வரை அவர் பூசணிக்காயில் மூஞ்சி போடுகிறவராக இருந்தார்.

மூஞ்சி என்றால் திருஷ்டி மூஞ்சி. பாதி கட்டிய வீட்டின் நெற்றியில் தொங்குமே, அது. பச்சை முகம், முட்டைக் கண், கோரைப் பல், வெளியே தள்ளிய நாக்கு. தெருவில் போகிறவன் வீட்டைப் பார்த்து வயிறெரிவதற்கு முன்னால் மூஞ்சியைப் பார்த்துவிட வேண்டும். அவன் எரிச்சல் அதோடு தீர்ந்துவிடும். நாற்பத்தைந்து வருடமாகக் காத்தமுத்து பூசணிக்காயிலும் பானையிலும் தகரத்திலும் இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எதிலும் பெயர் எழுதியதில்லை. நாக்குத் தள்ளிய மூஞ்சிக்குக் கீழே பெயர் எழுதினால் அது தன் படம் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

சென்னையிலிருந்து வந்த கலை நிபுணர் ஒரு பெண்மணி. கார் டயர் பஞ்சரான இடத்தில் ஒரு மாடி வீடு பாதியில் நின்றது. அதன் நெற்றியில் இருந்த தகர மூஞ்சியை அவர் முக்கால் மணி நேரம் பார்த்தார். மீசையின் இடது முனை கீழே வளைந்திருப்பதில் ஒரு நாகரிகத்தின் தோல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எழுதினார். தகரம் அந்த இடத்தில் நெளிந்திருந்தது. காத்தமுத்து அதை யாரிடமும் சொல்லவில்லை. மேதையாகி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எதற்கு.

அவர் போட்ட மூஞ்சிகளை அருங்காட்சியகத்தில் பெயர் அட்டையோடு மாட்டினார்கள். மதுரையில் விழா எடுத்தார்கள். கேடயம் கொடுத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். அது நீளமான சால்வை. விழாத் தலைவர் போர்த்திக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் பேசி முடித்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தபோதும் போர்த்திக்கொண்டிருந்தார். காத்தமுத்து போர்த்திய வரைக்கும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தலைவர் மறுமுனையைப் பிடித்தபடி அடுத்த பஸ்ஸில் வந்தார். வீட்டு வாசலில் சால்வை முடிந்தது. தலைவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவ்வளவு பெரிய கூட்டத்தின் கண் பட்டிருக்கும் என்று மனைவி சீனியம்மாவுக்குக் கவலை. அவரைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது. நெடி வந்தால் ஒருத்தருக்கும் பொறாமை இல்லை என்று அர்த்தம்.

நெடி வந்தது. காத்தமுத்து இருமினார். எதிர்வீட்டு வாத்தியார் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். தெருக் கோடியில் ஒரு பேருந்து நின்றது, அதிலிருந்த நாற்பது பேரும் இருமினார்கள். மூன்றாம் வீட்டு நாய் வேறு தெருவுக்குக் குடிபோனது.

"மிளகா புதுசுங்க, அதான்" என்றாள் சீனியம்மா. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் விருதுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. கொடுத்த விருது தற்காலிகமானது. விருது பெற்றவர் மேல் குறைந்தது ஒரு கண்ணாவது பட்டிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழை இன்று மாலை ஐந்து மணிக்குள் வாங்கிவிட வேண்டும். தவறினால் அருங்காட்சியகத்தில் அவர் மூஞ்சிகளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பெயர் அட்டை எடுக்கப்படும். அங்கே 'வரைந்தவர் பெயர் தெரியவில்லை' என்ற அட்டை ஒட்டப்படும். அட்டை தயாராக இருக்கிறது, மாதிரி இணைக்கப்பட்டுள்ளது.

காத்தமுத்து மாதிரியைப் பார்த்தார். எழுத்து அழகாக இருந்தது. நாற்பத்தைந்து வருடம் பெயர் இல்லாமல் இருந்தவருக்கு ஒரே வாரத்தில் பெயர் பழகிப்போயிருந்தது. அது தனக்கே கொஞ்சம் அசிங்கமாக இருப்பதையும் அவர் கவனித்தார். இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

யார் யாரைப் பார்த்து வயிறெரிந்தாலும் அது கண்ணேறு அலுவலகத்தில் பதிவாகிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய கட்டடம், ஒரே ஒரு நீள நடைபாதை. மூத்த குடிமக்களுக்கு மரியாதை செய்யும் விதமாக நடைபாதை அவர்களுக்கு மட்டும் நாற்பது அடி கூடுதலாக நீளும் என்று வாசலில் பலகை இருந்தது. நீண்டது. காத்தமுத்து இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனார்.

கடைசி மேஜையில் ஒரு அம்மாள் இருந்தார். அவருக்கு மேலே கூரையில் ஒரு துளை. அதிலிருந்து சீட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. மேலத் தெரு, புது ஃபிரிட்ஜ். விழுந்தது. சந்தைப்பேட்டை, இரண்டாவது மருமகளின் நிறம். விழுந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே அந்தந்த டிராயரில் போட்டார்.

பெயர் கேட்டார். சொன்னார். யார் மேல் பட்ட கண்ணுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டார். தன் மேல்தான் என்றார் காத்தமுத்து. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பார்வை எந்த வகையிலும் சேராது என்று அவரே தெளிவுபடுத்தினார். பிறகு ஒரு டிராயரை இழுத்தார். அதில் ஒரு குண்டூசி இருந்தது.

"வீட்ல எத்தன மூஞ்சி தொங்குது?"

"நானூத்திச் சொச்சம்."

"விழா மேடையில?"

"பின்னாடி முப்பது கட்டியிருந்தாங்க."

"பெறகு எப்படிங்க வரும்? வர்றதெல்லாம் அதுவே முழுங்கிருதுல்ல. நல்ல சரக்கு."

நாற்பத்தைந்து வருடத்தில் தொழில் தெரிந்த ஒருவர் சொன்ன முதல் பாராட்டு அது. காத்தமுத்து கைகூப்பிக் கும்பிட்டார். கேடயத்துக்குக்கூட அப்படிக் கும்பிடவில்லை. அப்போது மணி மூன்றரை.

மூஞ்சி இல்லாத இடமாகப் பார்த்து, பொறாமைப்படக்கூடிய ஆளாகப் பார்த்துப் போங்கள் என்று அந்த அம்மாள் வழி சொன்னார். காத்தமுத்துவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சீனியம்மாவின் தம்பி தவமணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தான். திருஷ்டி மூஞ்சியைக் கம்ப்யூட்டரில் போட்டு, சதுர அடி கணக்கில் அச்சடித்து, காத்தமுத்துவின் பிழைப்பில் பாதியைக் கொண்டுபோனவன். கம்ப்யூட்டர் மூஞ்சி ஒரு கண்ணையும் பிடிக்காது என்பது காத்தமுத்துவின் துணிபு. இருபது வருடமாக ஒவ்வொரு காதுகுத்திலும் "இன்னமும் பிரஷ்தானா மச்சான்" என்று கேட்கிறவன். உலகத்தில் ஒரே ஒரு வயிறு எரிய வேண்டுமென்றால் அது அந்த வயிறாகத்தான் இருக்க வேண்டும்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு போனார். போர்த்தி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. கேடயத்தைக் கடை மேஜைமேல் எழுத்து தெரியும்படி வைத்தார். பத்திரிகையில் வந்ததை விரித்து வைத்தார். அருங்காட்சியகத்தில் தன் மூஞ்சிகள் இருக்கும் அறைக்கு ஏசி போட்டிருப்பதையும் பேச்சுவாக்கில் சொன்னார்.

தவமணி கேடயத்தைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். டீயும் வெங்காய வடையும் வரவழைத்தான். கடைக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்து நிறுத்தி, எங்க மச்சான், எங்க மச்சான் என்று காட்டினான். அக்கா கழுத்தில் தாலி ஏறிய அன்று இந்த ஆள் தேறமாட்டார் என்று நினைத்ததாகவும், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்பதாகவும் சொல்லி அழுதான். வடையையும் தின்றுகொண்டே அழுதான்.

மணி நாலரை. காத்தமுத்து வெட்கத்தை விட்டார்.

"தவமணி, நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு. கொஞ்சங்கூட வயிறெரியலையா?"

தவமணி நெஞ்சில் கை வைத்தான். கண்ணை மூடினான். முகம் சிவக்கும் அளவுக்கு முக்கினான்.

"முயற்சி பண்றேன் மச்சான். வரமாட்டேங்குது. ஒங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்கு."

அன்பு இப்படி ஒரு மனிதனை நடுத்தெருவில் நிறுத்தும் என்று காத்தமுத்து எதிர்பார்க்கவில்லை. கேடயத்தைப் பையில் போட்டார். தவமணி விடவில்லை. மச்சானுக்கென்று ஒன்று அடித்து வைத்திருப்பதாகவும், பார்க்காமல் போகக்கூடாது என்றும் சொல்லி, கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

சுவரோடு சாய்த்து ஒரு பேனர் நின்றது. இருபது அடி உயரம். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, பக்கத்தில் ஒரு சிங்கம். நடுவில் ஒருவன் நின்றான். ரோஜாப்பூ நிறம். தாடையில் ஒரு சுருக்கம் இல்லை. தலையில் கருகருவென்று முடி. முன்பக்கம் எழும்பி, ஒரு அலை மாதிரி மடங்கி, நெற்றியில் ஒரு கொத்து அலட்சியமாக விழுந்திருந்தது. கீழே காத்தமுத்து என்று பெயர் இருந்தது. சிங்கம் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

காத்தமுத்துவின் தலையில் இருபத்தைந்து வருடமாக ஒன்றும் கிடையாது. காதுக்கு மேலே சில உண்டு, அவை கணக்கில் வராது.

அவர் பேனரைப் பார்த்தார். பேனரில் இருந்தவன் அவரைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி நெற்றிக் கொத்தை ஒதுக்கிவிட்டுக்கொண்டான். அது மறுபடியும் சரியாக அதே இடத்தில் விழுந்தது.

காத்தமுத்துவுக்கு அடிவயிற்றில் ஏதோ சூடாகத் திரண்டது. வடை என்றுதான் முதலில் நினைத்தார். அது வடை இல்லை. இவனுக்கு என்ன வந்தது, தகரத்தில் கையைக் கிழித்துக்கொண்டானா, வெயிலில் சாரத்தில் தொங்கினானா, வந்தான், நின்றான், அதற்குள் சிங்கமா என்று கேட்டது அது.

மணி நாலே முக்கால். அவர் ஓடினார். தவமணி பின்னாலேயே சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நடைபாதை மரியாதையாக நீண்டது. காத்தமுத்து அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது பத்து அடி குறைந்தது.

அந்த அம்மாள் கையில் ஒரு சீட்டு தயாராக இருந்தது. ஒன்று வந்திருக்கிறது என்றார். நல்ல கனமான கண், இந்த வருடத்தில் இந்த ஊரில் இவ்வளவு கனமாக வந்ததில்லை என்றார். பார்த்தவர் காத்தமுத்து. பார்க்கப்பட்டவர் காத்தமுத்து.

இது செல்லுமா என்று அவர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"சொந்தக்காரங்க கண்ணு செல்லும்" என்றார் அந்த அம்மாள். "ஒங்களுக்கு ஒங்கள விட நெருங்கின சொந்தம் யாரு?"

நாலு ஐம்பத்தொன்பதுக்கு முத்திரை விழுந்தது. மேஜையில் இருந்த போன் அடித்தது. அருங்காட்சியகத்தில் பெயர் அட்டையை எடுக்கப்போன ஆள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். தவமணி அங்கேயே ஒரு பாட்டம் அழுதான். காத்தமுத்து சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, வாழ்நாள் முழுவதும் காத்திருந்த நிதானத்தோடு, முதல் வரியிலிருந்து படித்தார்.

பெயர் சரியாக இருந்தது. ஊர் சரியாக இருந்தது. பொறாமைக்குரிய சாதனை என்ற இடத்தில் 'தலைமுடி' என்று எழுதியிருந்தது.