லூசியம்மாளின் ரச வாளி

“காசு இல்லாதவதாம்ட்டி ஹோமுக்குப் போவா. காசு வச்சிருக்கவளுக்கு அங்க என்ன சோலி?”

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் தாராவியில் அவர்கள் சந்தே நினைத்தது. லூசியம்மாள் மட்டும் நினைக்கவில்லை.

“காசில்லாம போனா குடுத்தத வாங்கிக்கணும். காசு கட்டிப் போனா, இது என்ன சாம்பாரான்னு கேக்கலாம்லா?”

“கேக்கதுக்கா காசு?”

“ஆமா. இத்தன வருசம் என்னைய எத்தன பேர் கேட்டிருப்பான்!”

லூசியம்மாள் தன் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், மெஸ் நடத்தியவள். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பட்டறைக்கு வந்த பையன்கள் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள். முழங்கால் மடங்காமல் போனதும் மெஸ்ஸை மூடி, கீழ் அறையை வாடகைக்கு விட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். இப்போது மாடியின் இரும்பு ஏணியே பகையாகிவிட்டது. கீழே தையல் பட்டறை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா மாடியையும் சேர்த்து வாடகைக்குக் கேட்கிறார். அந்த வாடகையைக் கட்டி செம்பூரில் ஒரு முதியோர் ஹோமில் இருந்துகொள்வது என்பது அவள் கணக்கு.

திலக் நகரில் இருக்கும் மகன் கிறிஸ்டோவுக்குத்தான் தூக்கம் போனது. அவன் சர்ச் கமிட்டியில் இருக்கிறான்.

“அரே எம்மா, எங்கூட வந்து இரேன்.”

“ஒம் பொண்டாட்டி என்ன ஆக்குனாலும் நல்லாருக்குன்னு சொல்லணும். இந்த வயசுல அவ்வளவு பொய் தாங்காது மக்கா.”

“அப்ப பீஸ நாங் கட்டுதேன்.”

“நீ கட்டுனா நீ சொல்லுத இடத்துல இருக்கணும்.”

“சர்ச்சுல என்ன பேசுவாங்க? பெத்தவள ஹோம்ல தள்ளிட்டான்னு...”

“நீ எங்க தள்ளுன? நானால்லா போறேன். வேணும்னா ஆராதன முடிஞ்சதும் அறிவிப்புல வாசிக்கச் சொல்லு.”

சனிக்கிழமை முப்பிடாதியம்மாளையும் சேர்த்து மூவரும் டாக்ஸி பிடித்து ஹோமைப் பார்க்கப் போனார்கள். பொறுப்பாளர் ஜாக்குலின் அன்பாக வரவேற்று, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். லூசியம்மாள் தட்டின்முன் உட்கார்ந்தாள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் ரசத்துக்காக வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவளோ வாளியை வைத்துவிட்டு போன் பேசிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். எப்போது எழுந்தாள் என்று லூசியம்மாளுக்கே தெரியாது. வாளி கைக்கு வந்துவிட்டது.

“ரசம் விடட்டுமா? கையக் குழிச்சி வைங்க. அக்கா, ஒங்களுக்கு? சோறு பத்துமா?”

முழங்கால் வலித்ததுகூட அப்போது தெரியவில்லை. இரண்டு வரிசையும் முடித்து நிமிர்ந்தபோது, ஜாக்குலின் கண்களை அகல விரித்து நின்றாள்.

“ஆன்ட்டி, நீங்க பீஸே கட்ட வேண்டாம்! கிச்சன மட்டும் பாத்துக்குங்க. ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ.”

கிறிஸ்டோவின் முகத்தில் விளக்கு எரிந்தது. “எம்மா! இது கர்த்தருக்குச் செய்யுத ஊழியம்மா! நாளைக்கே சொல்லிருவேன், எங்கம்மா ஊழியத்துக்குப் போறாங்கன்னு.”

“ஃப்ரீயாம்ட்டி, விட்டுராத” என்று முப்பிடாதியம்மாள் அவள் முதுகில் இடித்தாள்.

லூசியம்மாள் வாளியை மெல்லக் கீழே வைத்தாள். விரல்கள் உடனே விட்டுவிடவில்லை.

“ஏட்டி முப்பிடாதி, மெஸ் நடத்துனப்ப எனக்குக் காய்ச்சலே வந்ததில்லையா?”

“வராம? நாந்தான கசாயம் வச்சித் தந்தேன்.”

“அன்னைக்கு மெஸ் லீவா?”

“எங்க லீவு! பையம்மாரு பட்டினி கெடப்பானுவன்னு கம்பளியப் போத்திக்கிட்டு ஒலையில அரிசி போட்ட.”

“இங்கயும் போடுவேன். எங் கை லேசுல அடங்காது, இப்பந்தான் பாத்தியே. ஃப்ரீயா இருந்தா, காய்ச்சலுன்னு படுத்துக் கெடக்க எனக்கே கூசும்.” பிறகு ஜாக்குலின் பக்கம் திரும்பினாள். “நான் பீஸ் கட்டுதேம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தா படுக்கணும். யாராவது ஒரு வாய் கஞ்சி கொண்டாந்து தரணும். அது ஆறிப்போயிருந்தா நான் சத்தம் போடணும்.”

ஜாக்குலின் சிரித்துவிட்டாள். “தாராளமா போடுங்க ஆன்ட்டி.”

“அப்ப ஊழியம்?” என்றான் கிறிஸ்டோ, கையில் வந்த பரிசை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல.

“அந்த ஆச ஒனக்கு இருக்குல்லா? சனிக்கெழமதோறும் வா. வாளி அந்தா இருக்கு.”

அவன் தாயைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். அதற்குள் எதிர் வரிசைப் பெரியவர் தட்டை நீட்டிவிட்டார்.

“தம்பி, இன்னொரு கரண்டி. அடியில இருக்க பருப்பக் கலக்கி விடுப்பா.”

கிறிஸ்டோ சட்டைக் கையை மடித்தான். லூசியம்மாள் தன் இடத்தில் போய், ஒரு கையை மேசையில் ஊன்றிப் பதனமாக உட்கார்ந்து, இன்னும் தொடாத தன் சோற்றில் நடுவே குழி பறித்துக்கொண்டு காத்திருந்தாள்.