ஒற்றை ஆள் பாய்மரம்

படகை விற்பதா, வைத்துக்கொள்வதா என்ற பேச்சு இரண்டு மாதமாக அந்த வீட்டில் சவ்வாக இழுபட்டது. அக்கா தங்கை இருவரும் பதினோரு வருஷத்துக்கு முன் சேர்ந்து வாங்கிய படகு அது. இருபதடி நீளம், காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்துப் போகலாம். அதுவரைக்கும் சௌகரியம். ஆனால் பாய்மரத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எந்தச் சாலையிலும் போக முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது படுக்கப்போட வேண்டும், ஏரிக்கரைக்குப் போய் நிமிர்த்த வேண்டும். இருபத்தைந்தடி அலுமினியக் கம்பம். சின்னவள் முன்னால் நின்று கயிற்றை இழுப்பாள். பெரியவள் பின்னாலிருந்து தோள் கொடுத்து, மரம் எழ எழ அதன் கூடவே நடந்து வருவாள். பதினோரு வருஷமும் இப்படித்தான்.

அந்தத் தோள்தான் இப்போது போய்விட்டது. அதுவும் படகில் போயிருந்தால் சொல்லிக்கொள்ளப் பெருமையாகவாவது இருந்திருக்கும். பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போது ஜவ்வு கிழிந்தது. இனி அந்தக் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவதெல்லாம் தலை வாருவதற்கு மட்டும்தான் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

பெரியவளின் கணவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மற்றவர்களின் தீர்ப்பை எழுதியவருக்கு, இப்போது சொந்தமாகச் சொல்லிப் பார்க்க ஆசை.

"சின்னவ தனியா நிமிர்த்திக் காட்டட்டும். யாரும் கையை நீட்டக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. நின்னுச்சுன்னா படகு இருக்கட்டும். இல்லைன்னா விலைக்குத் தாங்கன்னு நமக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார், கொடுத்துடலாம். ஒரு வீட்டுக்கு ஒரு தோள் போனது போதும்."

"வாயைத் திறந்தா என்ன அத்தான்? அக்கா கரையில உட்கார்ந்து சொல்லட்டுமே" என்றாள் சின்னவள்.

"உங்க அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல்னா என்ன பண்ணுவே? மரத்தைப் பாதியில பிடிச்சுக்கிட்டு போன் போடுவியா?"

நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே இருவருக்கும் அவர்மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

சின்னவளுக்குத் தையல் கடை. நாற்பத்தெட்டு வயதாகியும் அவளை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தோளை நம்பவில்லை, மூளையை நம்பினாள். வெல்டிங் பட்டறையில் சொல்லி ஆறடி நீள இரும்புக் குழாய் ஒன்றைச் செய்துகொண்டாள். அதைப் பாய்மரத்தின் அடியில் நேராக நிறுத்த வேண்டும். மரத்தின் மேல்பாதியிலிருந்து ஒரு கயிறு குழாயின் தலைக்கு வரும். அங்கிருந்து இன்னொரு கயிறு படகின் மூக்கிலுள்ள கப்பி வழியாக, டிரெய்லரின் முன்னால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை வின்ச்சுக்குப் போகும். வின்ச்சைச் சுற்றச் சுற்றக் குழாய் முன்னால் சாயும், மரம் பின்னாலிருந்து எழும். ஆள் தோள் கொடுக்கவே வேண்டாம்.

"அக்கா, நீ பின்னால என்னென்ன பண்ணுவேன்னு ஒண்ணு விடாம எழுதிக் கொடு" என்று கேட்டாள்.

பெரியவள் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், எதையும் வரிசையாகச் செய்து பழகியவள். முதலில் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார், மரத்தின் அடி ஆணியின் பூட்டைத் தொட்டுப் பார் என்று ஆரம்பித்து ஒன்பது விஷயம். இரண்டு நாள் யோசித்தாள், பத்தாவது ஒன்று வரவில்லை. தாளைக் கொடுக்கும்போது, இவ்வளவுதானா நான் செய்தது என்று அவளுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரை. காற்று அதிகமில்லை. காரைப் படகுக்குப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டு, கணவர் செய்தித்தாளை விரித்தார். பக்கத்து இருக்கையில் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு பெரியவள். மூச்சை அடக்கு, அசையாதே என்று ஊரிலுள்ள நெஞ்சுக்கெல்லாம் உத்தரவு போட்டவள், இன்று தானே அப்படி உட்கார்ந்திருந்தாள். மரம் நிற்க வேண்டும் என்று மனதார நினைத்தாள். அது நின்றால் தான் இல்லாமலே நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக நினைக்க முடியாததால் மாறி மாறி நினைத்தாள்.

சின்னவள் அவசரப்படவில்லை. மேலே பார்த்தாள், மின்கம்பி இல்லை. அடி ஆணியைத் தொட்டாள். குழாயை நிறுத்தி, அது பக்கவாட்டில் ஆடாதபடி இருபுறமும் கயிறு கட்டினாள். பிறகு கீழே இறங்கி, டிரெய்லரின் முன்னால் நின்று வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்தாள். டக், டக், டக். பின்பக்கத்தில் தன்னைத் தாங்கியிருந்த கவையிலிருந்து மரம் எழுந்தது. ஒரு சாண், ஒரு முழம், ஓர் ஆள் உயரம்.

"பரவாயில்லையே" என்றார் கணவர், செய்தித்தாளுக்கு மேலாக.

பெரியவளின் இடது கால் அப்போது காரின் தரையைச் சடக்கென்று ஒரு எத்து எத்தியது.

அவளுக்கே திடுக்கென்றது. பிறகுதான் புரிந்தது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து படகின் இரண்டு விளிம்புக்கும் இறங்கும் கம்பிகள், மரம் படுத்திருக்கும்போது தளர்ந்து சுருண்டு கிடக்கும். மரம் எழும்போது இடப்பக்கத்துக் கம்பி கேபின் மூடியின் மூலையில் போய் மாட்டும். ஒவ்வொரு முறையும் மாட்டும். ஒவ்வொரு முறையும் அவள் தோளில் மரத்தோடு நடந்துகொண்டே இடது காலால் அதை எத்திவிடுவாள். பதினோரு வருஷமாகச் செய்தும், அது ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. நினைக்காததை எப்படி எழுதிக் கொடுப்பாள்?

இப்போது அங்கே கால் இல்லை. கம்பி மூலையில் மாட்டி விறைக்கத் தொடங்கியது. காரிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முன்னால் நின்ற சின்னவளுக்குக் கேபின் மறைத்தது. டக். டக். இன்னும் நாலு சுற்று சுற்றினால் கம்பியைப் பிடித்திருக்கும் திருகு ஒடியும். ஒடிந்தால் மரம் பக்கவாட்டில் சாயும். எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாயைத் திறந்தால் படகு போய்விடும். பெரியவள் ஒரு டக் சத்தம் வரைக்கும் யோசித்தாள், அதற்கு மேல் இல்லை. படகு நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். நல்ல கையால் கண்ணாடியை இறக்கி, மூச்சை இழுத்தாள்.

சின்னவள் நிறுத்திவிட்டாள்.

கைப்பிடி கனத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி தடுக்கும்போது மிஷினை மிதித்துக்கொண்டே போனால் துணி கிழியும் என்று தினமும் பார்க்கிறவள். வின்ச்சின் சக்கரத்தை இரண்டு பல் பின்னால் விட்டாள், வின்ச்சைப் பூட்டினாள். பூட்டு பிடிக்கிறதா என்று ஒரு முறை உலுக்கிப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து, மரத்துக்கு நேர் அடியில் போகாமல் பக்கவாட்டில் ஏறி, அக்கா எப்போதும் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்ததும் விஷயம் தெரிந்தது. குனிந்து கையால் கம்பியை விடுவித்தாள். அது மறுபடி சுருளாமலிருக்க, கையோடு கொண்டுவந்த எலாஸ்டிக் நாடாவால் விளிம்போடு சேர்த்துக் கட்டினாள்.

"எதுக்குக் கண்ணாடியை இறக்கினே?" என்று கணவர் கேட்டார்.

"காத்து வரட்டும்னுதான்."

கால் மணி நேரத்தில் மரம் நின்றது. சின்னவள் மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பியை மாட்டி, ஆணி போட்டு, வானத்தைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள். கணவர் இறங்கிப் போய் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிப் பார்த்தார், எதுவும் தெரியாவிட்டாலும்.

"படகு இருக்கட்டும்" என்று தீர்ப்பு சொன்னார்.

சின்னவள் ஓடி வந்து கார் கதவைத் திறந்து அக்காவை இறக்கினாள். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"பார்த்தியா அக்கா? இடது பக்கம் மாட்டிக்கிச்சு. நல்லவேளை, கண்டுபிடிச்சுட்டேன். இனிமே நீ எதுக்கும் கஷ்டப்படவே வேணாம். எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்."

மனசாரச் சொன்னாள். ஒரு சொல்லில்கூடக் குத்தல் இல்லை.

"பார்த்தேன்" என்றாள் பெரியவள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் சின்னவள் அக்காவின் நல்ல கையைப் பிடித்து ஏற்றி, நடுவில் குஷன் போட்டு உட்காரவைத்தாள். வருகிற விருந்தாளிகளை அவர்கள் எப்போதும் உட்காரவைக்கும் இடம் அது. பக்கத்தில் ஒரு கயிறு நழுவிக் கிடந்தது. பெரியவளின் கை தானாக அதன்மேல் போனது.

"விடுக்கா, தொடாதே. நான் வந்து கட்டறேன்."

பெரியவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கரையை விட்டு நூறடி போனதும் பாய் நிறைந்தது. திருப்பும்போது பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும், புதிதாக வந்தவர்கள் அடிபடாமலிருக்க யாராவது ஒருவர் எச்சரிக்க வேண்டும். இத்தனை வருஷமும் அதைப் பெரியவள்தான் கத்துவாள்.

"தலை!" என்று கத்தினாள் சின்னவள்.

பெரியவள் குனிந்தாள்.