நாலாம் நம்பரின் கை

வெர்னனிடமிருந்து வீட்டில் நாலு வார்த்தை பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதே ஆள் லார்க்ஃபீல்ட் ஐஸ் அரங்கின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் எதிர்க்கோடியில் நிற்கும் கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பான். இத்தனை வருடம் அவனோடு குடித்தனம் நடத்துகிறேன். அந்தக் குரலை மாட்டிடம்கூட அவன் காட்டியதில்லை.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்ததாம்? நான் மணி ஆட்டுகிறவள். தொழுவத்து வாசலில் ஆணியில் தொங்கும் பழைய மாட்டு மணியை, சீசன் கடைசியில் பிளே-ஆஃப் ஆட்டங்கள் தொடங்கியதும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். எங்கள் பையன்கள் கோல் போட்டால் ஆட்டுவேன். எதிரணிக்காரன் விழுந்தால் இன்னும் பலமாக ஆட்டுவேன்.

எங்கள் அணியில் ஐஸ் ஹாக்கியை வைத்துப் பிழைக்கிறவன் ஒருவனும் கிடையாது. பள்ளி வாத்தியார், லாரி ஓட்டுகிறவர், கோதுமை விதைக்கிறவர் என்று பகலெல்லாம் உழைத்துவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான். எங்கள் மகன் கர்ட் வெல்டர். ஆறடிக்கு மேல் வளர்ந்திருக்கிறான், ஆனால் அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டான். பக்கத்து ஊர் பிராக்டன் அணியும் இதே கதைதான். அவர்களோடுதான் இந்த மார்ச்சில் மோதல். ஐந்து ஆட்டத் தொடரில் மூன்று முடிந்து அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. அந்த மூன்றாவது ஆட்டத்தில் பிராக்டனின் நாலாம் நம்பர் எங்கள் கேப்டன் டல்லஸை இடித்துக் கீழே தள்ளினான். டல்லஸுக்குத் தோள்பக்கக் காறையெலும்பு முறிந்தது.

சனிக்கிழமை நாலாவது ஆட்டத்துக்கு முன்னால், அரங்கின் கேன்டீனில் எங்கள் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தோம். கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, வாய்க்கு வேறு வேலை இருந்தது.

"அது சுத்தமான இடி," என்றாள் பெவ். ஊருக்கே முடி வெட்டுகிறவள். கத்திரியைப் போலவே பேச்சும்.

"எலும்பு ரெண்டா போயிருக்கு, சுத்தமாம்," என்றான் ஏர்ல். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரிலுள்ள அத்தனை பேரின் குறையும் அவனுக்கு அத்துப்படி.

"தோளால தோள்ல இடிச்சான். டல்லஸ் தலையக் குனிஞ்சு ரப்பர் வட்டப் பாத்துக்கிட்டே வந்தான். அதுக்கு அவன் என்ன பண்ணுவான்? நடுவரே விசில் ஊதல."

"அந்த நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

"போன வருசம் நாம ஜெயிச்சப்போ அதே கண்ணு நல்லாத்தானே தெரிஞ்சுது?"

வெர்னன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "சுத்தமோ அழுக்கோ, எனக்கு அதப் பத்திக் கவலையில்ல. நம்ம கேப்டன் கையத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்ல கெடக்கான். நாலாம் நம்பர் ஜம்முன்னு வெளையாட வரான். நம்மள்ல ஒருத்தன் கேக்க வேணாமா?"

"கேக்கட்டும். கையுறையக் கழட்டிப் போட்டு, மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு கேக்கட்டும். ரெண்டு குத்து, அஞ்சு நிமிசம் தண்டனைப் பெட்டிக்குள்ள உக்காந்துட்டு வந்தா கணக்கு முடிஞ்சுது. அது முறை. மட்டைய ஓங்கினா அது ஈனத்தனம்," என்றாள் பெவ்.

"முறையாம் முறை," என்றான் ஏர்ல். "அவனுக்கு முறையெல்லாம் வலிச்சாத்தான் புரியும்."

அப்போது கர்ட் உள்ளே வந்தான். ஆட்ட நாளில் எங்கள் பையன்கள் கோட்டும் டையுமாகத்தான் அரங்குக்கு வருவார்கள். டையைத் தளர்த்திக்கொண்டே உடை மாற்றும் அறைக்குப் போகப் பார்த்தவனை வெர்னன் நிறுத்தினான்.

"என்னடா, இன்னிக்காவது நாலாம் நம்பரக் கேப்பியா?"

"அது நல்ல இடிப்பா. டல்லஸே அப்படித்தான் சொல்றான்."

"டல்லஸ் சொல்லுவான். நீ என்ன அவனுக்கு வக்கீலா? ஆறடி வளந்து என்ன பிரயோசனம்? பேசாம மேல வந்து உக்காந்து உங்கம்மா மணிய நீ ஆட்டு. அவள கீழ அனுப்புவோம், அவ கேப்பா."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் இருந்த மணியை அவனிடம் நீட்டி ஒரு ஆட்டு வேறு ஆட்டினேன். கர்ட்டுக்குக் காது சிவந்துவிட்டது. உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டான். பெவ் மட்டும் சிரிக்கவில்லை.

இவ்வளவு பேச்சிலும் அந்த நாலாம் நம்பரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் பெயர் சோரன்சன். இரண்டு ஊருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே மாட்டு டாக்டர். மாடு ஈனும் இந்த மாதங்களில் அவர் கால் படாத தொழுவமே இந்தப் பக்கத்தில் இல்லை. போன மாதம்கூட என் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடித்துவிட்டுப் போனவர். ஆனால் முதுகில் எண் ஏறிவிட்டால் எங்களுக்கு ஆள் மறந்துவிடும்.

ஆட்டத்தில் முதல் இரண்டு பகுதியிலும் கர்ட் அவரிடம் நெருங்கவே இல்லை. கடைசிப் பகுதியில் இருவரும் எங்கள் வரிசைக்கு நேர் கீழே, பலகைச் சுவரோரம் வட்டுக்காக முட்டிக்கொண்டு நின்றார்கள். வெர்னன் எழுந்து நின்றான்.

"கைய உடைடா கர்ட். அந்தக் கைய உடை."

கர்ட்டின் மட்டை மேலே போனது. கையுறை முடிகிற இடத்தில், வலது மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. நாலாம் நம்பர் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸில் சுருண்டு விழுந்தார். வெர்னன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அரங்கமே ஒரு நொடி மூச்சுப் பிடித்து நின்றது.

அந்த அமைதியில் நான் மணி ஆட்டினேன். விழுந்தால் ஆட்டுவது கைக்குப் பழக்கம். நடுவர் கர்ட்டை வெளியே அனுப்பும்போதும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். பெவ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நல்லா ஆட்டு, மார்லீன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம். தொடர் இரண்டுக்கு இரண்டு. கர்ட்டுக்கு இந்த வருடம் இனி ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் வீடு திரும்பினோம். மணியைத் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலையில் தலையீத்துக் கிடேரி ஒன்று முக்கிக்கொண்டு படுத்திருந்தது. கன்றின் மூக்கும் ஒரு காலும் மட்டும் தெரிந்தன. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. வெர்னன் தோள் ஆபரேஷன் செய்துகொண்டவன், அவன் கை உள்ளே போகவில்லை. கர்ட்டின் கை பருமன், கிடேரி அலறியது.

"டாக்டரக் கூப்பிடணும்," என்றேன்.

"சிட்டிலேருந்து வேற யாரையாவது கூப்பிடு," என்றான் வெர்னன், என்னைப் பார்க்காமல்.

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள கன்னு செத்துரும். நீ ஃபோன் பண்ணு."

"நான் எப்படிப் பேசறது?"

"நேத்து அவ்ளோ பேசினியே, இன்னிக்கும் பேசு."

அவன் பேசவில்லை. நான்தான் பேசினேன். சோரன்சனே எடுத்தார்.

"எப்போலேருந்து முக்குது?"

"விடிஞ்சதிலேருந்து. ஒரு காலும் மூக்கும்தான் தெரியுது."

"இழுத்துடாதீங்க. வரேன்."

கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியை அவர் மனைவிதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். இறங்கவில்லை. குளிராக இருக்கிறதே, உள்ளே வந்து காப்பி குடியேன் என்று ஜன்னலருகே போய்க் கேட்டேன். கண்ணாடியைக்கூட இறக்காமல் தலையை ஆட்டிவிட்டாள். முந்தின நாள் எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

சோரன்சனின் வலது கையில் விரல் வரை கட்டு. அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. தொழுவத்தில் நுழைந்ததும் எங்கள் மூவரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு இன்னிக்கு ஒரு கைதான். அதுவும் பழக்கமில்லாத கை. உங்க கைதான் சின்னதா இருக்கு, நீங்க வாங்க."

இடது கையாலேயே கிடேரியின் வால்பக்கம் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். முதல் தடவை குறி தப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டார். நான் தோள் வரை சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு மண்டியிட்டேன். என் காதருகே குனிந்து, அவசரமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மொதல்ல கன்ன உள்ள தள்ளுங்க. அது முக்காத நேரமாப் பாத்து. ஆங். இப்போ கழுத்தோரமாவே போங்க. முட்டி தட்டுப்படுதா? அத மேல தூக்குங்க. இனிமே குளம்பு. குளம்ப உள்ளங்கைக்குள்ள மூடிக்குங்க, இல்லேன்னா கருப்பையக் கிழிச்சுரும். மெதுவா. நல்லா செய்றீங்க."

நல்லா செய்றீங்க என்றார். மணி ஆட்டின கைக்குத்தான் அந்தப் பாராட்டு. கிடேரியின் உள்சூட்டைவிட என் முகம் கொதித்தது.

கால் வெளியே வந்தது. கர்ட் கன்றின் கால்களில் மாட்டிய சங்கிலியைப் பிடித்து, அவர் சொன்னபோது இழுத்து, நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினான். ஒரு தடவைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. சோரன்சன் ஒரு வைக்கோலால் அதன் மூக்குக்குள் கிண்டினார். தும்மியது, தலையை உதறியது. வேறு நாளாக இருந்தால் நாங்கள் எல்லோரும் சிரித்திருப்போம்.

தொழுவத்துக் குழாயடியில் கை கழுவப் போனார். அங்கேதான் எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று புரிந்தது. ஒற்றைக் கை தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாது. ரத்தமும் சளியுமாக அதைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றார். வெர்னன் போய் சோப்பை எடுத்தான். அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து, விரல் விரலாக, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினான்.

"டாக்டர்."

"ம்."

"அது பையன் தப்பில்ல. நான்தான் அவன…"

"தெரியும். எனக்குக் கேட்டுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்கு ஜுரம் எவ்வளவு என்று சொல்கிற அதே குரல். "ஐஸ் மேல நிக்கிறவனுக்கு எல்லாம் கேக்கும். விழுந்து கெடக்கறப்போ இன்னும் நல்லாக் கேக்கும்."

வெர்னன் தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாகிவிட்ட கையையே மறுபடி மறுபடி தேய்த்தான். அவர் விழுந்த பிறகு அவன் கத்தவில்லை. விழுந்த பிறகு அந்த அரங்கில் கேட்டது ஒரே ஒரு சத்தம்தான். துண்டை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கு, பின்னால் ஆணியில் தொங்கும் மணி முதுகில் குத்துகிற மாதிரி இருந்தது. சோரன்சன் என்னிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டார். என் தலைக்குமேல் அந்த ஆணியை ஒரு தரம் பார்த்தார். தாங்க்ஸ் என்றார்.

கர்ட் முன்னால் ஓடி வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

"மன்னிச்சுருங்க," என்றான் தரையைப் பார்த்து.

"டல்லஸ இடிச்சதுக்குத்தான் அடிச்சியா?"

"இல்ல. அது நல்ல இடி."

"அப்புறம் ஏன்டா?"

கர்ட் கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தான். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோரன்சன் வண்டியில் ஏறினார். "செவ்வாக்கிழமை கடைசி ஆட்டம். கை குலுக்குற வரிசையில நான் நிப்பேன். எடது கைதான் குடுக்க முடியும்."

தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒருவர் விடாமல் கை குலுக்க வேண்டும். அடிபட்டவர்களும் ஆடத் தடை பெற்றவர்களும் கோட்டும் ஷூவுமாக ஐஸில் இறங்கி வந்து நிற்பார்கள். யார் ஜெயித்தாலும் அது தவறாது.

செவ்வாய் மத்தியானம் ஏர்ல் ஃபோன் செய்தான். "சீக்கிரம் வாங்க. மணிய மறந்துராத."

"மணி தொழுவத்துல இருக்கு. அது அங்கயே இருக்கட்டும்."

"ஏன், ஒடைஞ்சு போச்சா?"

"இல்ல," என்று வைத்துவிட்டேன்.

கர்ட் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஆடப்போகிற நாளில்கூட அவ்வளவு நிதானமாகப் போட்டு நான் பார்த்ததில்லை. வெர்னன் கதவருகே கோட்டை மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாளாக அவனிடம் கர்ட் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நானும் வரட்டுமாடா?"

கர்ட் சட்டையை உதறிப் போட்டு, கடைசிப் பொத்தான் வரை பூட்டி, டையைக் கட்டி முடித்தான். அதன் பிறகுதான் அப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

"வா. ஆனா வாயத் தொறக்காதே."

"தொறக்க மாட்டேன்," என்றான் வெர்னன்.