நூற்றிருபது ராத்தல்

திருச்சி விமான நிலையத்தில் எடை பார்க்கும் குமாஸ்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நூத்தியிருபது ராத்தல் கூடுதல். எதிர்க்காத்துன்னு பெட்ரோல் அதிகம் ஊத்தியிருக்காங்க. மத்தவங்க பெட்டியெல்லாம் எறக்கியாச்சு. இனிமே நீங்கதான் எறக்கணும்."

அவர் சொன்னது அன்னவாசல் நாகசுரக்காரர் ஆண்டியப்பனிடம். கூட இருந்தது இரண்டு பேர்தான். அவருக்கு அருகில் நின்று இரண்டாம் நாகசுரம் வாசிக்கும் தம்பி மகள் செங்கமலம் ஒருத்தி. மற்றவர் தவில்காரர் ஆத்மநாதன். அன்று சாயங்காலம் யாழ்ப்பாணத்துக் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு அவர்கள் வாசித்தாக வேண்டும். அடுத்த விமானம் நாளை மறுநாள்.

குமாஸ்தா தாளைப் பார்த்து வாசித்தார். ஆண்டியப்பன் நூற்றெண்பத்தைந்து. செங்கமலம் தொண்ணூறு. மரப்பெட்டியோடு தவில் நாற்பத்தைந்து.

"பொண்ணும் தவிலும் நிக்கட்டும்" என்றார் ஆண்டியப்பன்.

"தவில் நின்னா நான் எதத் தட்டுறது? ஒங்க முதுகையா?" ஆத்மநாதன் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"அங்க தவிலுக்கா பஞ்சம்? எரவல் வாங்கிக்கலாம்."

"அடுத்தவன் செருப்பப் போட்டுக்கிட்டு ஓடச் சொல்றீங்களே அண்ணே!"

குமாஸ்தா சிரித்தார். "இல்லாட்டி நூத்தியெம்பத்தஞ்சு நின்னா மத்ததெல்லாம் போயிரும்" என்றார் விளையாட்டாக.

செங்கமலம் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

தை மாதத்திலிருந்தே பெரியப்பாவுக்கு மேல் ஸ்தாயியில் மூச்சு நிற்பதில்லை. அந்த இடம் வரும்போது அவள் வாசிப்பாள். அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு குழலை வாயில் வைத்திருப்பார். பந்தலில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆத்மநாதனுக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தனக்குள்ளாவது அதை ஒத்துக்கொண்டாரா என்றுகூட அவளுக்குச் சந்தேகம்.

இங்கே அவள் நின்றுவிட்டால், இன்றைக்கு அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் அந்த மூச்சோடு தனியாக நிற்பார். வாயைத் திறந்து சொன்னாலோ, குமாஸ்தாவும் கூலியாட்களும் பார்க்க நாற்பது வருஷத்துப் பேர் இந்தக் கொட்டகையிலேயே போய்விடும்.

"அஞ்சு நிமிஷத்துல சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. வெளியே விமானத்தின் ஒரு விசிறி சுற்றத் தொடங்கியது.

செங்கமலம் பையிலிருந்து குழல்வாயில் செருகும் நாணல் சீவாளி ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்தாள்.

"பெரியப்பா, இது புதுசு. நல்லாப் பேசுதான்னு ஒரு தடவ ஊதிப் பாத்துட்டுக் கொண்டு போங்க. மேல் பஞ்சமம் வரைக்கும். நான் நின்னுக்கிறேன்."

ஆண்டியப்பன் அவளை உற்றுப் பார்த்தார். உறையை உருவி, குழலில் சீவாளியைச் செருகி, வாயில் வைத்தார்.

அந்த நேரம் இரண்டாவது விசிறியும் கிளம்பியது. தகரக் கூரை அதிர்ந்தது. ஒரு சத்தமும் யார் காதிலும் விழவில்லை. செங்கமலத்துக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கழுத்து நரம்பும் விரல்களும்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. பாதியில் நின்றன. மறுபடி கீழிருந்து புறப்பட்டு, அதே இடத்தில் நின்றன.

குழலை இறக்கினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"தெரிஞ்சேதான் கேட்டியா?"

"ஆமாங்க பெரியப்பா."

அடி விழும் என்று அவள் தோளைக் குறுக்கினாள். விழவில்லை. அவர் குமாஸ்தாவிடம் போய் விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார். "நூத்தியெம்பத்தஞ்ச அடிச்சிருங்க. எனக்குக் கடல் மேல பறக்கப் பயமா இருக்கு."

"இம்புட்டுப் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டா?"

"ஒடம்பு பெருசா இருந்தாத்தானய்யா விழுந்தா பலமா அடிபடும்."

தவிலைக் கடைசி இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டினார்கள். செங்கமலம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாகசுர உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியப்பா புதுக்கோட்டை ரோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அண்ணன் எங்கன்னு அங்கிட்டுக் கேப்பாங்களே ஆத்தா" என்றார் ஆத்மநாதன்.

"பயம்னுதான் சொல்லணும் மாமா. வேற ஒரு சொல்லு ஒங்க வாயில வரக் கூடாது."

விமானம் ஓடத் தொடங்கியது. தவில் பெட்டி கயிற்றை மீறி ஒரு சாண் வழுக்கியது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.