அதே நோய்

தையற்கூடத்தில் அவளை எல்லாரும் நடிகை என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் மேற்பார்வையாளர். காலர் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது, கைகள் மரத்துப்போயின. செத்துவிடுவோம் என்று தரையில் சரிந்தவளிடம், "நடிச்சது போதும், எழுந்திரும்மா" என்றார் அவர். மறுவாரமும் அவ்வாறே நேர்ந்தது. மெண்டல் கேஸை மெஷினில் உட்கார வைக்க முடியாது என்று அவளைப் பிசிறு வெட்டும் மேசைக்குத் தள்ளினார். அவளுடைய காலர் மெஷின் அவருடைய மச்சினிக்குப் போயிற்று.

மனநல மருத்துவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். தேர்வுக்கு முன்னும் நேர்காணலுக்கு முன்னும் வருவது பதற்றம்; அது எல்லாருக்கும் உண்டு. ஆபத்தே இல்லாதபோது உடம்பு திடீரென அபாய மணி அடிப்பது பீதித் தாக்கு. அது திரும்பத் திரும்ப வந்து, இன்னொரு முறை வந்துவிடுமோ என்னும் அச்சமே ஆளை முடக்கினால், பீதி நோய். உயிரை எடுக்காது, சிகிச்சைக்குக் கட்டுப்படும். அவளுக்கும் கட்டுப்பட்டது. கட்டுப்படாதது வன்மம் ஒன்றுதான். அதற்கு அவள் மருந்து கேட்கவும் இல்லை.

பிசிறு நூல் ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளரின் மீசையாகப் பாவித்தே வெட்டினாள்.

ஒருநாள், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். சுவருக்கு அப்பால் நடப்பதும் காஜாக்காவின் காதுக்குத் தப்பாது. மேற்பார்வையாளருக்கு மாரடைப்பாம். சில நாளில் அவர் மாப்பிள்ளை மிடுக்கோடு திரும்பினார். மெத்தை நாற்காலி வந்தது; தனி மின்விசிறி வந்தது. இரண்டு மருத்துவமனைகள் சோதித்தும் இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். இரண்டாவது மருத்துவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னாராம்.

"எனக்கே லூசுப் பட்டம் கட்டப் பாத்தான்" என்று அவரே சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சிரித்தார். கூடமே சிரித்தது. அவள் மட்டும் மிகுந்த பணிவோடு, என்னென்ன செய்கிறது என்று விசாரித்தாள். படபடப்பு, மரத்துப்போகும் கைகள், சாவு பயம். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுமாம். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. காத்திருந்தாள்.

முதலாளி பார்வையிட வந்த காலையில் மேற்பார்வையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். யாரோ காரை எடுக்க ஓடினார்கள். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவரருகே மண்டியிட்டு மணிக்கட்டைப் பற்றினாள்.

"என்னைப் பாருங்க சார். மூச்சை மெதுவா இழுங்க. அதைவிட மெதுவா விடுங்க."

"செத்துடுவேன்மா."

"மாட்டீங்க. எனக்கு எத்தனை தடவை வந்திருக்கு, செத்தேனா?"

மெல்ல மெல்ல முகத்தில் இரத்தம் திரும்பியது. என்ன ஆயிற்று என்றார் முதலாளி.

"டாக்டர் பாத்து உறுதி பண்ணணும், முதலாளி. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் பீதி நோய். எனக்கு வந்த அதே நோய். லூசெல்லாம் இல்ல." பற்றிய மணிக்கட்டை விடாமல் அவர் பக்கம் திரும்பினாள். "நான் நடிச்சேன்னு சொன்னீங்களே. இப்ப நீங்க நடிச்சீங்களா சார்?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆம் என்றால், அவர் முதலாளி முன் நாடகம் ஆடியவர். இல்லை என்றால், அவளும் ஆடவில்லை. அவர் முதலாளியைப் பார்த்தார், மச்சினியைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க சார். காஜாக்காவுக்குக் காது மந்தம்."

அவர் சத்தமாகச் சொன்னார்.

அவள் கையை விட்டாள். எழுந்து, காலர் மெஷின் அருகே போய் நின்றாள். மச்சினி முதலாளியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.